கொடைக்கு ஊர் வருகிறவர்கள்

சேரன்மகாதேவியை விட்டு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன குடும்பங்கள் ஆண்டில் மூன்று பருவங்களில் ஊர் திரும்புகின்றன. சித்திரை, வைகாசியில் மும்பையிலிருந்து வருகிறார்கள். ஆனி, ஆடியில் வளைகுடா நாடுகள், பிரிட்டன், அமெரிக்கா. மார்கழி, தையில் சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா. திருநெல்வேலிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்தப் பேரூராட்சியிலும், பக்கத்துப் பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ஊர்களிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அந்த மாதங்களில்தான் திறக்கின்றன. பெரியவர்களைப் பார்ப்பது, வீடு நிலம் சம்பந்தமான பத்திர வேலை, குலதெய்வத்துக்கு எடுக்கும் கொடை விழா ஆகிய மூன்றும் வருகிறவர்களின் காரியங்கள். பெரியவர்கள் காலமாகிறார்கள், நிலம் கைமாறுகிறது, வீடு இடிந்துபோகிறது. கொடைக்கு வரி கொடுக்கும் பட்டியலில் குடும்பத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. தலைமுறை தாண்டியும் ஆட்களை இந்தப் பள்ளத்தாக்குக்கு அழைத்துவருவது அந்தப் பெயர்தான்.

போனவர்கள்

சேரன்மகாதேவி பழைய ஊர். சோழர் காலக் கல்வெட்டுகள் இதை நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கின்றன. பக்தவத்சலப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அம்மைநாதர் கோயில் நவகைலாயங்களில் இரண்டாவது. சந்திரனுக்கு உரிய தலமாகக் கும்பிடப்படுவது. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை வயல்களில் பாய்ந்து கார், பிசானம் என இரு போக நெல்லை விளைவிக்கிறது.

இவ்வளவு தண்ணீர் உள்ள ஊரிலிருந்து ஏன் இத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதற்கு விடை நில உடைமையில் இருக்கிறது. நன்செய் கோயில்களிடமும் அக்ரகாரத்து, வேளாளர் குடும்பங்களிடமும் குவிந்திருந்தது. நாற்று நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் சொந்த மண் இல்லை. நிலம் இருந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் படிப்பைப் பிடித்துக்கொண்டு உத்தியோகத்துக்குப் போனார்கள். நிலம் இல்லாதவர்கள் கூலிக்குப் போனார்கள். 1904க்குள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் வந்துவிட்டது. ஒரே நிலையத்தில் ஏறி இரு சாராரும் இரு வேறு வாழ்க்கைக்குப் பிரிந்தார்கள்.

தொடக்கத்தில் போன இடங்கள் இலங்கை, பர்மா, மலாயா. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் இருந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் படகுச் சேவை நடந்தது. கொழும்பில் கடை வைத்தவர்களுக்கு ஊர் ஒரு இரவுப் பயண தூரம். அப்பா அங்கே, அம்மாவும் பிள்ளைகளும் இங்கே என்று ஒரு குடும்பம் இரண்டு கரையில் நடந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று வகுத்தது. பர்மாவிலிருந்தும் அந்தப் பத்தாண்டில் பெருந்திரளாக வந்தார்கள். விடுமுறைக்கு வருவதும் எல்லாம் இழந்து வருவதும் ஒரே பாதையில்தான் நடந்தன. இந்தப் பள்ளத்தாக்கின் முதியவர்கள் பலர் இரண்டையும் கண்டவர்கள்.

மலாயாவுக்குப் போனவர்களில் உலகம் அறிந்த பெயர் பத்தமடையில் 1887இல் பிறந்த சுவாமி சிவானந்தர். 1913இல் மருத்துவராக மலாயா சென்றார். பத்து ஆண்டுக்குப் பிறகு இந்தியா திரும்பியவர் ரிஷிகேசத்தில் தங்கிவிட்டார். வடக்கே கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூர் சென்றன. கடையநல்லூர்க்காரர்கள் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு போனவர்கள். அந்தக் காலத்துக்கு அது அரிது. 1941இலேயே சிங்கப்பூரில் சொந்த ஊர்ப் பெயரில் சங்கம் கண்டார்கள்.

மும்பையை உள்நாடு என்று சொல்லி ஒதுக்க முடியாது. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள். தோல் பதனிடும் கூடங்களுக்கும் ஆலைகளுக்கும் போன அவர்கள் ஒருபுறம். மாதுங்காவில் குடியேறிய அக்ரகாரத்து உத்தியோகஸ்தர்கள் மறுபுறம். ஊரில் இருந்த தெருப் பிரிவு மும்பையிலும் தொடர்ந்தது.

1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. பொறியாளர்களும் மருத்துவர்களும் போனார்கள். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவுக்குக் கொத்தனாரும் ஓட்டுநரும் கணக்கரும் போனார்கள். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகக் கணித்தது. முதலிடம் சிங்கப்பூருக்கு, அடுத்து ஐக்கிய அரபு அமீரகம்.

பள்ளி மணி வகுத்த பருவங்கள்

முன்பு ஊர் திரும்பும் நாளைக் கப்பலும் முதலாளி கொடுக்கும் விடுப்பும் தீர்மானித்தன. இன்று பிள்ளைகளின் பள்ளி தீர்மானிக்கிறது. மகாராஷ்டிரத்தில் பள்ளிகளுக்கு மே மாதமும் ஜூன் முற்பாதியும் விடுமுறை. தமிழ்நாட்டிலும் கோடை விடுமுறை ஏறக்குறைய அதே காலம். அதனால் மும்பைப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக ஆற்றில் குதிக்க ஒரு மாதம் கிடைக்கிறது. பள்ளத்தாக்கின் கொடைகள் பல சித்திரை, வைகாசியில் வைக்கப்படுவதற்கு அறுவடை முடிந்த ஓய்வு ஒரு காரணம். மும்பையிலிருந்து நாகர்கோவில் ரயிலில் வந்து இறங்கும் கூட்டம் இன்னொரு காரணம்.

அமீரகத்துப் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்டில் மூடுகின்றன. அமெரிக்காவில் ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை. பிரிட்டனில் ஜூலைக் கடைசியிலிருந்து ஆறு வாரம். அப்போது குற்றாலத்தில் சாரல், வயலில் கார் நடவு, கோயில்களில் ஆடிக் கொடை. பார்க்க எல்லாம் இருக்கிறது. கூட விளையாட ஆள் இல்லை. பெரியப்பா பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் காலை எட்டு மணிக்குச் சீருடையில் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பகல் முழுவதும் ஆச்சியோடும் கைபேசியோடும் இருக்கிறார்கள். ஒரே தலைமுறையினர் ஒருவரை ஒருவர் அறியாமல் வளர்வதற்கு மொழியைவிட இந்த நாள்காட்டி முரண் பெரிய காரணம். உறவு விட்டுப்போகிறதே என்று வருந்தும் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அந்தக் குறை ஓரளவு தீருவது டிசம்பரில். சிங்கப்பூரில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய ஆண்டு விடுமுறை; ஆஸ்திரேலியாவில் ஜனவரி வரை. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் ஒட்டிய விடுப்பு, பிறகு பொங்கல். சேரன்மகாதேவியில் மார்கழி வியதீபாத நாளில் தாமிரபரணியில் நீராடுவது விசேஷம் என்பதால், பொங்கலுக்கு முன்பே வந்து சேருகிற குடும்பங்களும் உண்டு. ஆனால் அது மழைக் காலத்தின் கடைசி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி இரு கரையையும் மீறியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது.

வருகிற வழியும் மாறியிருக்கிறது. வெளிநாட்டு விமானங்களுக்குத் திருவனந்தபுரமும் மதுரையும்தான் பக்கம். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தாலும் அங்கே இறங்குவது உள்நாட்டு விமானங்களே. சென்னை வழியாக வருவோருக்கு 2023 செப்டம்பர் முதல் திருநெல்வேலி வந்தே பாரத் இருக்கிறது. திருநெல்வேலி–தென்காசிப் பாதை 2012இல் அகலப் பாதையானது. சேரன்மகாதேவி நிலையம் அதில் இருக்கிறது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பே விமானச் சீட்டு எடுக்கும் குடும்பம், ஊர் வரும் ரயிலுக்கு மட்டும் கடைசி இரண்டு மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வரி, கால்நாட்டு, கொடை

திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன், முத்தாரம்மன், உச்சினிமாகாளி போன்ற தெய்வங்களுக்கு எடுக்கும் விழா கொடை. ஊர்க் கோயிலுக்கும் எடுப்பார்கள். ஒரு வகையறாவுக்கு மட்டும் உரிய குடும்பக் கோயிலுக்கும் எடுப்பார்கள். செலவை வரி போட்டுப் பிரிப்பார்கள். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். துபாயில் இருந்தாலும் டல்லாஸில் இருந்தாலும் வரி ஒன்றுதான். வசதி உள்ளவர்கள் அதற்கு மேல் நன்கொடையாகத் தருவார்கள். மேளத்துக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று ஏற்பார்கள். வரி தராதவரின் பெயர் பட்டியலிலிருந்து விழும். பெயர் விழுந்தால் பிரசாதம் வராது. கூட்டத்தில் பேச இடமும் இருக்காது. நாற்பது ஆண்டு வெளிநாட்டில் இருந்தவரும் இந்த வரியைத் தவறவிடாமல் அனுப்புவது இதற்காகத்தான்.

அனுப்பும் வழி இப்போது எளிது. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்களிலிருந்து வெளிநாடு வாழ் இந்தியரின் வங்கிக் கணக்கு வழியாக யுபிஐ மூலம் பணம் செலுத்த 2023இல் அனுமதி கிடைத்தது. கோயில் கமிட்டிகள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எங்கே வாழ்ந்தாலும் தன் சேமிப்பிலிருந்து தரும் பணம் வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் தருவது வெளிநாட்டு நிதி. அதை வாங்க வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவு வேண்டும். அண்ணன் தரலாம், தம்பி தரக்கூடாது என்ற நிலை ஒரே குடும்பத்தில் வரும். கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்யும் அமைப்புகள் பல இதை அறியாமல் இருப்பது ஆபத்து.

கொடைக்கு ஒரு வாரம் முன்பு கால்நாட்டு. அன்றிலிருந்து வரிக்காரர்கள் அசைவம் தொடுவதில்லை. வெளியூர்ப் பயணமும் குறையும். செவ்வாய் அல்லது வெள்ளியில் கொடை அமையும்படி நாள் வைப்பது பெருவழக்கம். முந்தின இரவு குடியழைப்பு. கொடையன்று ஆற்றிலிருந்து தீர்த்தம் வரும். மதியக் கொடையும் சாமக் கொடையும் நடக்கும். வில்லுப்பாட்டுக் குழு தெய்வத்தின் கதையைப் பிறப்பிலிருந்து பாடிக்கொண்டு வரும். சுடலைக்குக் கணியான் கூத்து; இரண்டு மகுடம் முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, அண்ணாவி பாடுவார். கதை உச்சத்தைத் தொடும்போது சாமியாடி எழுந்து ஆடுவார். படப்பு போட்டு, திருநீறு வாங்கி, எட்டாம் நாள் பூசையோடு நடை சாத்துவார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு இந்த ஒரு வாரத்தில் நடப்பவை பல. பிள்ளைக்கு முதல் முடி குலதெய்வத்துக்குத்தான். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துகிறார்கள். மூன்று வார விடுப்புக்குள் முடியெடுப்பு, காதுகுத்து, ஒரு கல்யாணம், தகப்பனாரின் ஆண்டுத் திதி எல்லாவற்றையும் அடுக்க வேண்டியிருப்பதால், பத்து வயதுப் பிள்ளைக்கு முடியெடுப்பதும் அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே நாளில் காது குத்துவதும் சகஜமாகிவிட்டது. இதைக் குறை சொல்வதற்கில்லை. காலம் தவறினாலும் காரியம் நடக்கட்டும் என்று ஏற்றுக்கொண்ட ஊரின் பெருந்தன்மை அது.

வில்லுப்பாட்டில் பாடப்படும் கதை அந்தக் குடும்பத்தின் கதையும்கூட. தெய்வம் எந்த மலையிலிருந்து எந்த ஓடை வழியாக எந்த ஊருக்கு வந்தது, யார் முதலில் நிலையம் போட்டுக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். எழுத்தில் இல்லாத குடும்ப வரலாறு பல வீடுகளுக்கு இந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அதனால் கொடையை இரண்டு நிமிடக் காணொளியாக எடுத்துப்போகிறவர்கள் வில்லுப்பாட்டை முழுவதுமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. பாடுகிற குழுக்கள் குறைந்துவருகின்றன.

குலதெய்வ உறவு ஆண் வழியில் போகிறது. மணமான பெண் புகுந்த வீட்டுத் தெய்வத்தைக் கும்பிட வேண்டும் என்பது வழக்கம். ஒரு மகள் மட்டும் உள்ள வெளிநாட்டுக் குடும்பங்கள் கூடிவிட்ட இந்தக் காலத்தில், தகப்பனோடு பட்டியலில் பெயர் முடிந்துபோகும் வீடுகள் பெருகுகின்றன. நிலத்தில் மகளுக்குப் பங்கு தரும் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கோயில் வரியிலும் மகள் பெயரை எழுதிக்கொள்ளும் மனம் கமிட்டிகளுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலே சுருங்கும்.

சொரிமுத்து அய்யனார்

பங்குனி உத்திரத்தன்று அவரவர் குடும்பத்துக்கு உரிய சாஸ்தா (அய்யனார்) கோயிலுக்குப் போவது தென்மாவட்டத்தின் பெரிய வழக்கம். ஆனால் பங்குனி, மாணவர்களுக்குத் தேர்வு மாதம். வெளிநாட்டிலும் நீண்ட விடுமுறை இல்லை. அந்த நாளில் வர முடியாத குடும்பங்களுக்குக் கைகொடுப்பது ஆடி அமாவாசை. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அப்போது பெருங்கூட்டம். காட்டுக்குள் குடில் போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்கி, சமைத்து, ஆற்றில் குளித்து, பட்டவராயனையும் சங்கிலி பூதத்தாரையும் கும்பிடுவார்கள். சாஸ்தாக்களுக்கெல்லாம் ஆதி சொரிமுத்து அய்யனார் என்பது நம்பிக்கை. தங்கள் சாஸ்தா யார் என்று அறியாமல் போன வம்சத்தார் இங்கே வந்து கும்பிடுகிறார்கள்.

சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் வீற்றிருந்து காட்சி தருவது இந்த விழாவின் மரபாக இருந்தது. முடிசூட்டப்பட்ட கடைசி ஜமீன்தாரான டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். கோயில் இருக்கும் காடு இப்போது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அதனால் தங்கும் நாள்களுக்கு வனத்துறை வரம்பு வைக்கிறது. நெகிழிப் பொருள்களுக்குச் சோதனைச் சாவடியில் தடை. பழைய நினைப்பில் பத்து நாள் தங்க வருகிறவர்களுக்கு இது வருத்தம். காட்டின் நிலையைப் பார்த்தால் அந்த வரம்பு சரி.

இதே மாதங்களில் பாக் நீரிணைக்கு அப்பாலும் விழாவுக்கு ஊர் திரும்பும் இதே காட்சி உண்டு. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா ஐரோப்பியக் கோடை விடுமுறையோடு சேர்வதால், கனடா, பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்திலிருந்து ஈழத்தமிழ்க் குடும்பங்கள் அதற்கு வருகின்றன. அரசுகளும் இந்தப் பயணத்தைப் பயன்படுத்திக்கொள்கின்றன. பிலிப்பைன்ஸ் 1973லேயே வெளிநாட்டுப் பிலிப்பினோக்களை ஊருக்கு அழைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கானா 2019ஐத் திரும்பி வரும் ஆண்டாக அறிவித்தது. தமிழ்நாடு ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. வேர்களைத் தேடி என்ற திட்டத்தில் வெளிநாட்டுத் தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து ஊர் சுற்றிக் காட்டுகிறது. மாமல்லபுரத்தையும் தஞ்சையையும் அவர்கள் பார்க்கிறார்கள். தங்கள் தாத்தா பிறந்த தெருவைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஏற்பாடும் சேர்ந்தால் திட்டம் தன் பெயருக்கு ஏற்றதாக இருக்கும்.

பூட்டிய வீடும் பாகம் பிரியாத நிலமும்

விடுப்பில் கால்வாசி அரசு அலுவலகங்களில் போகிறது. சேரன்மகாதேவியில் சார் ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் அலைச்சல் கொஞ்சம் குறைவு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவைதான் வேலை. பட்டா, சிட்டா விவரத்தை எங்கிருந்தும் எந்நேரமும் என்ற அரசு இணையச் சேவையில் வெளிநாட்டிலிருந்தே பார்த்துவிடலாம். புறப்படும் முன் பார்த்துவிட்டு வந்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.

சிக்கல் பாகப்பிரிவினையில் வருகிறது. தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுவதும் 2005லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. ஆகவே மஸ்கட்டில் இருக்கும் தங்கை, நியூஜெர்சி அண்ணன், ஊரில் இருக்கும் தம்பி மூவரும் சார்பதிவாளர் முன் வர வேண்டும். வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பத்திரம் ஏற்கப்படாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

வெளிநாடு வாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் விவசாய நிலம் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாரிசாகப் பெறலாம். நன்செய் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் இதன் பொருள் பெரிது: இன்று விற்ற வயலை நாளை மனம் மாறித் திரும்ப வாங்க முடியாது. இருக்கும் வயலோ குத்தகையில் இருக்கிறது. பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நெல்லையே பார்க்காத சொந்தக்காரரைவிட, சேற்றில் இறங்கும் அவருக்கு அந்தப் பாதுகாப்பு இருப்பது நியாயமே.

அக்ரகாரத்திலும் வேளாளர் தெருக்களிலும் திண்ணையும் முற்றமும் கொண்ட நீள வீடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. பல பேருக்குப் பங்குள்ள வீட்டில் ஓடு மாற்ற ஒருவரும் முன்வருவதில்லை. கவனிப்பாரற்றுப் போனவற்றில் வீடுகள் மட்டும் அல்ல, கோயில்களும் உண்டு. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001இல் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. திருட்டு உறுதியானபின் 2019 செப்டம்பரில் திருப்பி அனுப்பியது. 37 ஆண்டுக்குப் பிறகு சாமி ஊர் வந்தபோது தெருவெல்லாம் கூடி வரவேற்றது.

யாருடைய ஊர்

திரும்பி வருவது எல்லோருக்கும் ஒரே அனுபவம் அல்ல. இதைச் சொல்லச் சேரன்மகாதேவியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இங்கேதான் நடந்தது. லண்டனிலும் புதுச்சேரியிலும் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய ஐயர், தேசியக் கல்விக்காக எழுப்பிய நிறுவனம் அது. அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சோறு பரிமாறப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸே இரண்டுபட்டது. 1925 ஜூனில் பாபநாசத்தில் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் உயிர்விட்டார். குருகுலம் நிலைக்கவில்லை. ஒரே பந்தியா, தனிப் பந்தியா என்ற கேள்வி தமிழக அரசியலைத் திருப்பிப்போட்டது.

கூலி கேட்க முடியாத வயலையும் செருப்புப் போட முடியாத தெருவையும் விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு ஊர் என்பது தாத்தா அனுபவித்த சுகத்தின் நினைவு அல்ல. வெளியே சம்பாதித்த பணத்தில் சொந்தத் தெருவில் கான்கிரீட் வீடு கட்டுவதும், தங்கள் சாமிக்குத் தாங்களே மேளம் வைத்துக் கொடை எடுப்பதும் அவர்களுக்கு உரிமை நிலைநாட்டல். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், ஒலிபெருக்கி எதுவரை கட்டலாம் என்று கொடைக்கு முன்பு அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும் ஊர்கள் மாவட்டத்தில் இன்னும் உள்ளன. வெளிநாட்டில் எல்லோரோடும் ஒரே மேசையில் உண்டு பழகியவர்கள், ஊர் வந்ததும் தெருப் பழக்கத்துக்குத் திரும்பிவிடுவது வெட்கக்கேடு. பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸும் அசனப் பண்டிகையும் ஊர் கூடும் நாள்கள். 1826இல் எழுந்த பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயம் முதல் சிற்றூர்க் கோயில்கள் வரை டிசம்பரில் நிரம்புகின்றன. அசனத்தில் ஊரே ஒரு பந்தியில் உட்காருகிறது. மேலப்பாளையம், ஏர்வாடி, பத்தமடை முஸ்லிம் குடும்பங்களுக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், பெருநாள் எல்லா ஆண்டும் விடுமுறையில் விழுவதில்லை. பல ஆண்டுகளில் தகப்பன் மட்டும் சில நாள் வந்து போகிறார்.

பிள்ளைகளும் பெட்டிகளும்

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் கற்பிக்கிறார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகள் ஊரில் புத்தகத் தமிழ் பேச, ஊர்ப் பிள்ளைகள் ‘ஏலே, எங்கலே போற’ என்று கேட்கும்போது கொஞ்சம் திகைக்கிறார்கள். ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்குக் கேட்டால் புரியும், பேச வராது. ஆச்சி, மதினி, அத்தான், கொழுந்தன் என்ற முறைகளைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது சமையல்கட்டில். கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, சொதி எல்லாம் அங்கேதான் பழக்கமாகின்றன. தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதி, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தாகத் திருநெல்வேலியில் நிலைத்தது. இலங்கையிலும் அது வீட்டுக் குழம்பு.

திரும்பும்போது பெட்டியில் ஏறுபவை: கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடிக் கருப்பட்டி, திருநெல்வேலி அல்வா, நார்த்தங்காய் ஊறுகாய், வற்றல், வடகம். பத்தமடைப் பாய் வாங்குகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பட்டுப்போல் மடியும் பாயை முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் கையால் நெய்கிறார்கள். ஒரு உயர்ரகப் பாய்க்கு வாரக்கணக்கில் உழைப்பு. கடையில் பேரம் பேசாமல் நெசவாளரிடமே நேராக வாங்குவது அந்தக் கைத்தொழிலுக்குச் செய்யும் உதவி.

ஆறு

வீடும் நிலமும் சாமியும் அவரவர்க்குத் தனி. ஆறு ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. முடியெடுத்த பிள்ளை குளிப்பதும், கொடைக்குத் தீர்த்தம் எடுப்பதும், ஆடி அமாவாசையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதும், வெளிநாட்டில் இறந்தவரின் சாம்பலைக் கரைப்பதும் தாமிரபரணியில்தான். 2018 அக்டோபரில் 144 ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லி நடந்த மகாபுஷ்கரத்துக்குப் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை படித்துறைகளில் கூட்டம் அலைமோதியது.

அந்த ஆறு இப்போது நலமாக இல்லை. ஊர்களின் சாக்கடை அதில் கலக்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் குளித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப்போகிறார்கள். அது பாறை இடுக்கிலும் மதகிலும் சிக்கி அழுகுகிறது. தன்னார்வலர்கள் அள்ளி எடுக்கும் அளவு டன் கணக்கில் இருக்கிறது. அண்மைக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஆடியில் திதிக்கும் கொடைக்கும் வருகிற குடும்பங்கள் ஈரத் துணியைப் பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். புறப்படும் முன், ஊரில் உள்ள மூத்தவரிடம் குலதெய்வத்தின் பெயர், கோயில் இருக்கும் இடம், எத்தனை தலைக்கட்டு என்ற விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மகள்கள் பெயரையும் வரிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.